பிரிட்டனில் அடுத்தவர் வீட்டு சோபாவில் தூங்குவதற்கு வேண்டிய ஆங்கிலம்

லீட்ஸுக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. கூட வேலைபார்த்த ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தபோது அவருடைய அம்மா என்னைப் பார்த்து, “ஆர் யூ ஸ்டாப்பிங், லவ்?” என்று கேட்டார். எதையோ நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டேன். இரவு இங்கேயே தங்குகிறாயா என்பதுதான் அவர் கேட்டது. வட இங்கிலாந்தில் ‘ஸ்டாப்’ என்றால் தங்குவது. ‘லவ்’ என்பது நம் ‘கண்ணு’, ‘ராசா’ மாதிரி; அதற்கும் பதறவேண்டாம்.

நம்மிடம் ‘ஸ்லீப்’, ‘ஸ்டே’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பகலுக்கு அது போதும். இரவில்தான் சிக்கல். லண்டனிலேயே சுரங்க ரயில் விடிய விடிய ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்; அதுவும் 2016 ஆகஸ்டில்தான் தொடங்கியது, இன்றும் எல்லாத் தடங்களிலும் கிடையாது. மற்ற ஊர்களில் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், டாக்சிக்காரர் கேட்கும் பணத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம். ஆகவே படிக்கவோ வேலைக்கோ போகிற யாராக இருந்தாலும் முதல் சில மாதங்களுக்குள் யாராவது ஒருவர் தன் வீட்டு சோபாவைக் காட்டுவார். அதை அவர் பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொல்லமாட்டார்.

முதல் படி: வாலைக் கேளுங்கள்

இந்தச் சொற்கள் பெரும்பாலும் இரட்டையாக வரும். ‘கிப் டவுன்’, ‘கிராஷ் அவுட்’, ‘ஸ்டே ஓவர்’, ‘புட் அப்’. ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். தலையில் இருக்கும் வினையை விட்டுவிட்டு வாலில் தொங்கும் சின்னச் சொல்லைக் கவனித்தால் பாதி புரிந்துவிடும்.

நமக்கு இது புதிதல்ல. ‘தூங்கினான்’ வேறு, ‘தூங்கிப்போனான்’ வேறு. இரண்டாவதில் அவன் எங்கும் போகவில்லை, ஆனால் அந்தப் ‘போனான்’ தன்னையறியாமல் அசந்ததைச் சொல்லிவிடுகிறது. ‘படுத்துக்கொள்’ என்பதில் யாரும் எதையும் கொள்வதில்லை. நம் துணைவினை செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் அந்த வால் செய்கிறது.

‘டவுன்’ வந்தால் கிடைத்த இடத்தில் உடம்பைக் கிடத்துவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான கட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘அவுட்’ வந்தால் பெரும்பாலும் அசதி: ‘கிராஷ் அவுட்’, ‘ஃப்ளேக் அவுட்’, ‘ஸோங்க் அவுட்’ எல்லாம் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவது. ஆனால் ‘ஸ்லீப் அவுட்’, ‘கேம்ப் அவுட்’ என்றால் நிஜமாகவே வெளியில், வானத்துக்குக் கீழே. ‘ஓவர்’ என்றால் இரவைத் தாண்டி மறுநாள் காலைவரை இருப்பது. ‘ஆஃப்’ என்றால் கண்ணசருவது; ‘நாட் ஆஃப்’ என்பது தலை ஆடி ஆடித் தூங்கிவிழுவது. அது ரயிலிலும் நடக்கும், அலுவலகக் கூட்டத்திலும் நடக்கும்.

‘இன்’ கொஞ்சம் குழப்பும். ‘டர்ன் இன்’ என்றால் படுக்கப்போவது. ‘லை இன்’ என்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே எட்டு மணிக்கு மேலும் போர்வைக்குள் கிடப்பது. ‘ஸ்லீப் இன்’ என்றாலும் தாமதமாக எழுவதுதான். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒருவர் ‘ஐ ஸ்லெப்ட் இன்’ என்று மேலாளரிடம் சொன்னால் அலாரம் அடித்தும் எழவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ‘அப்’ தனி ரகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: மூன்று தலைகளை நன்றாகப் பழகுங்கள்

கிப், டாஸ், கிராஷ். இந்த மூன்றும் தெரிந்தால் எந்த வீட்டிலும் ஓர் இரவைக் கழித்துவிடலாம்.

‘கிப்’ என்றால் தூக்கம், அல்லது ஒரு குட்டித் தூக்கம். ‘கெட் சம் கிப்’ என்றால் போய்க் கொஞ்சம் தூங்கு. ‘கிப் டவுன்’ என்றால் சோபாவிலோ தரையிலோ படுத்துக்கொள்வது. குறிலாகவே சொல்லுங்கள், ‘கீப்’ என்று நீட்டினால் ஆங்கிலத்தில் வேறு சொல், நம்மூர்ப் பேச்சில் அதைவிட வேறு சொல். இதன் வரலாறு அத்தனை கண்ணியமானதல்ல. குடிசை, மட்டமான சாராயக்கடை என்று பொருள்படும் ஒரு டேனிஷ் சொல்லோடு அகராதிகள் இதை இணைக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது விபசார விடுதியைக் குறித்தது. பிறகு மலிவான தங்குமிடம், பிறகு அங்கிருக்கும் படுக்கை, கடைசியில் தூக்கம் என்று மெல்ல மெல்லக் குளித்து வெளியே வந்துவிட்டது. இன்று பாட்டிமார்கூடச் சொல்கிறார்கள். டப்ளினில் மட்டும் பழைய அழுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. அங்கே ஓர் இடத்தைக் ‘கிப்’ என்றால் குப்பைக்காடாகக் கிடக்கிறது என்று அர்த்தம். ஐரிஷ்காரர் வீட்டுக்குப் போய் ‘நைஸ் கிப்’ என்று பாராட்டிவிடாதீர்கள்.

‘டாஸ்’ என்பதைத் தமிழில் எழுதினால் கிரிக்கெட்டும் சாராயக்கடையும் நினைவுக்கு வரும், இரண்டுமில்லை. முதல் எழுத்து அழுத்தமில்லாத ட, உயிர் ஓசை குறில். இலங்கைத் தமிழர் ‘டொஸ்’ என்று எழுதுவார்கள், அதுதான் ஒலிப்புக்குக் கிட்ட வருகிறது. முதுகு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். ‘கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன்’, ‘கட்டையைச் சாய்க்கிறேன்’ என்று நாம் சொல்வதை யோசித்தால் இதற்கு அகராதியே தேவையில்லை. ‘டாஸ் டவுன்’ என்றால் ஓர் ஓரமாகக் கட்டையைச் சாய்ப்பது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரிய வறுமை இருக்கிறது. விக்டோரியா காலத்து லண்டனில் வீடில்லாதவர்கள் இரவுக்கு இரவு காசு கொடுத்துத் தங்கிய இடங்களுக்கு ‘டாஸ் ஹவுஸ்’ என்று பெயர். 1888-இல் வைட்சாப்பல் பகுதியில் ஒரு படுக்கைக்கு நான்கு பென்னி. அது இல்லாவிட்டால் இரவெல்லாம் தெருவில் நடக்கவேண்டியதுதான். அதைவிட மலிவாக, பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, முன்னால் கட்டிய கயிற்றில் சாய்ந்து தூங்கவிட்ட இடங்களும் இருந்தன. இந்த ஞாபகம் சொல்லில் இன்னும் தங்கியிருக்கிறது. அதனால் உங்கள் படுக்கையைப் பற்றி நீங்கள் ‘டாஸ்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரை ‘டாஸர்’ என்று சொன்னால் திட்டுவதாகிவிடும். இன்னொன்று: ‘டாஸிங் அபவுட்’ என்றால் தூங்குவதல்ல, வெட்டியாகப் பொழுதைப் போக்குவது. ‘தட் மாட்யூல் இஸ் அ டாஸ்’ என்று பல்கலைக்கழகத்தில் கேட்டால், அந்தப் பாடம் ஊதித்தள்ளிவிடலாம் என்று பொருள். உடனே பெயர் கொடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் மலையேறுகிறவர்களுக்கு ‘டாஸ்’ என்றால் மலைமேல் ஒதுங்கிப் படுக்கும் இடமும்கூட. அங்கே ‘பாத்தி’ என்று கல்குடிசைகள் உண்டு. காசு வாங்குவதில்லை, மின்சாரமும் இல்லை. 1965-இல் தொடங்கிய மவுன்டன் பாத்திஸ் அசோசியேஷன் சுமார் நூறு குடிசைகளைப் பராமரித்துவருகிறது.

‘கிராஷ்’ மூன்றிலும் இளையது. 1960-களின் ஹிப்பிகள் கண்ட இடத்தில் விழுந்து தூங்கிய காலத்தில் பரவிய சொல். ‘கேன் ஐ கிராஷ் அட் யுவர்ஸ்?’ என்றால் உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளலாமா. விபத்து எதுவுமில்லை. மாணவர்களிடையே இதுதான் அதிகம் புழங்குகிறது. அழைப்பில்லாமல் விருந்துக்குள் நுழைவதும் ‘கிராஷ்’தான் என்பதால், எதற்குள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ‘கிராஷ் அட்’ என்றால் தூக்கம், ‘கிராஷ் எ பார்ட்டி’ என்றால் மானக்கேடு.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘பெட் டவுன்’ முதலில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கோல் விரித்துப் படுக்கவிடுவது; இப்போது மனிதர்களுக்கும். ‘பங்க் டவுன்’ கப்பலின் அடுக்குக் கட்டிலிலிருந்து வந்தது. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் குண்டுபோட்டபோது மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் போய்ப் படுத்தார்கள். ஒரே இரவில் சுமார் 1,77,000 பேர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அரசாங்கம் முதலில் தடுக்கப்பார்த்து, முடியாமல் போய், பிறகு நடைமேடைகளில் மூன்றடுக்குக் கட்டில்களைப் போட்டுக்கொடுத்தது. ‘பங்க் டவுன்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடைமேடைதான் கண்ணில் வரும்.

‘டாப் அண்ட் டெயில்’ என்று ஒன்று உண்டு. ஒரே கட்டிலில் இருவர், ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். அடுக்களையில் இதே சொல்லுக்கு பீன்ஸின் இரண்டு முனையையும் கிள்ளுவது என்று பொருள். ஆகவே இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யார் வீடு என்று கண்டுபிடியுங்கள்

‘யூ கேன் கிப் அட் மைன்.’ இதில் ‘மைன்’ சுரங்கமல்ல. என் வீடு. ‘அட் அவர்ஸ்’ என்றால் எங்கள் வீட்டில், ‘அட் யுவர்ஸ்’ என்றால் உங்கள் வீட்டில். வீடு என்ற சொல்லையே விழுங்கிவிடுவார்கள். ‘ரவுண்ட் மைன்’ என்றும் சொல்வார்கள். வட்டமாக எதுவும் இருக்காது.

என்ன படுக்கை என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. ‘ஸ்பேர் ரூம்’ என்றால் யோகம். ‘பாக்ஸ் ரூம்’ என்றால் பெட்டி வைக்கும் அளவுக்கான குட்டி அறை. ‘சோபா பெட்’ நடுவில் ஒரு கம்பி முதுகில் குத்தும். ‘ஸெட் பெட்’ மடக்குக் கட்டில். ‘லைலோ’ என்றால் காற்றடைத்த மெத்தை, விடியும்போது நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

நான்காம் படி: புட் அப், புட் அவுட், புட் அப் வித்

இதுதான் என் கணக்கில் முக்கியமான படி. முன்னே சொன்ன சொற்கள் எல்லாம் தூங்குகிறவர் பக்கத்துச் சொற்கள். ‘புட் அப்’ மட்டும் வீட்டுக்காரர் பக்கம்: ஒருவருக்கு இடம்கொடுத்துத் தங்கவைப்பது. நம் இலக்கணத்தில் சொன்னால் ‘கிப் டவுன்’ செயப்படுபொருள் குன்றிய வினை, ‘புட் அப்’ குன்றா வினை. யாரை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் ‘மீ’, ‘அஸ்’ போலச் சின்னச் சொல்லாக இருந்தால் நடுவில் நுழையும்: ‘குட் யூ புட் மீ அப் ஃபார் த நைட்?’ என்று கேட்கவேண்டும். ‘புட் அப் மீ’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் உங்களுக்கு இடம்கொடுக்கும்போது உள்ளூரச் சிரிப்பார்கள்.

‘புட் அவுட்’ என்றால் சிரமம் கொடுப்பது. நாம் ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்போமே, அதற்கு நேரான சொல்: ‘ஐ டோன்ட் வாண்ட் டு புட் யூ அவுட்.’ அவர்கள் ‘நாட் அட் ஆல்’ என்பார்கள். ஒருமுறை இப்படிச் சொல்வது மரியாதை. நம் ஊர்போல மூன்றுமுறை மறுத்து, நான்காம் முறை ஒப்புக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ‘நோ, நோ, ஐ’ம் ஃபைன்’ என்று சொல்லிவிட்டு, நான் பனியில் பேருந்து நிறுத்தத்தில் ஒன்றரை மணிநேரம் நின்றிருக்கிறேன்.

‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. குறட்டை விடுகிறவர் காலையில் ‘தேங்க்ஸ் ஃபார் புட்டிங் மீ அப்’ என்று சொல்ல நினைத்து ‘புட்டிங் அப் வித் மீ’ என்று சொன்னாலும் தப்பில்லை. இரண்டும் உண்மையாக இருக்கும்.

ஐந்தாம் படி: வழுக்கும் இடங்கள்

‘ஐ ஸ்லெப்ட் அட் ஹிஸ் பிளேஸ்’ என்றால் அவர் வீட்டில் தூங்கினேன். ‘ஐ ஸ்லெப்ட் வித் ஹிம்’ என்றால் கதையே வேறு. தமிழில் யோசித்து ‘அவரோடு தங்கினேன்’ என்பதை அப்படியே மாற்றும்போது இந்தப் பள்ளத்தில் விழுவோம். தங்கியதற்கு ‘ஸ்டேய்ட் வித்’ சரி. ‘ஸ்லெப்ட் வித்’ கூடாது. ‘ஸ்லீப் அரவுண்ட்’ என்றால் பலரோடு படுப்பது; பல ஊர்களில் தங்கிச் சுற்றினேன் என்று சொல்ல அதை எடுக்கவே வேண்டாம். ‘ஷாக் அப்’ என்றால் காதலரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது, அதிலும் பேச்சில் ஒரு கிண்டல் இருக்கும். மாமா வீட்டில் இரண்டு மாதம் இருந்ததற்குப் பொருந்தாது. ‘ஸ்டே ஓவர்’ பொதுவானது. ஆனால் இருவர் பழக ஆரம்பித்திருக்கும் சமயத்தில் ஒருவர் அதைச் சொன்னால், சோபாவைப் பற்றிப் பேசவில்லை என்று அறிக.

‘நாக் அப்’ பழைய பிரிட்டிஷ் பேச்சில் கதவைத் தட்டி எழுப்பிவிடுவது. அலாரம் கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில் ஆலைத் தொழிலாளர்களை எழுப்புவதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். 1930-களில் கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண், ஊதுகுழலில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னல்மேல் ஊதி எழுப்பியிருக்கிறார். வயதானவர் யாராவது ‘ஷல் ஐ நாக் யூ அப் அட் செவன்?’ என்று கேட்டால் அந்த அர்த்தம்தான். நீங்கள் மட்டும் சொல்லவேண்டாம். இன்றைய பேச்சில் அது கர்ப்பமாக்குவது.

ஆறாம் படி: நம் ஆங்கிலத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்

‘ஐ’ம் அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் அங்கே ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ‘ஐ’ம் அவே’ போதும். ‘நைட் ஹால்ட்’ புரியாது. ‘ஸ்டாப்பிங் ஓவர் இன் யார்க்’ என்று சொல்லுங்கள். நாம் கிளாஸை ‘பங்க்’ அடிப்போம், அவர்கள் ‘பங்க் ஆஃப்’ செய்வார்கள். இங்கே மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே புத்தி. அந்தப் ‘பங்க்’குக்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை, பெட்ரோலுக்கும் இல்லை. ‘லாட்ஜ்’ என்றால் நூறடி ரோட்டு விடுதி மாதிரி நினைத்துப் போகவேண்டாம். அங்கே அது ஏரிக்கரையில் விடுமுறைக்கு எடுக்கும் மரவீடாகவோ பழைய மாளிகையின் வாயிற்காவலர் வீடாகவோ இருக்கும்.

ஏழாம் படி: தூங்கச் சொல்லும் வேலை

முதியோர் இல்லத்திலோ ஊனமுற்றோர் பராமரிப்பிலோ வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அங்கே ‘ஸ்லீப்-இன் ஷிஃப்ட்’ என்று ஒன்று உண்டு. இரவு வேலையிடத்திலேயே படுத்துத் தூங்கலாம், தேவைப்பட்டால் எழுந்து கவனிக்கவேண்டும். ‘வேக்கிங் நைட்’ என்பது விடிய விடிய விழித்திருப்பது. சம்பளத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 2021 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஸ்லீப்-இன்னில் வேலைக்காக விழித்திருக்கும் நேரம்தான் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வரும், தூங்க விடப்பட்ட நேரம் வராது. ஆகவே ஓர் இரவுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுவது வழக்கம். ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறது, அந்தத் தொகை எவ்வளவு, எழுந்தால் தனியாகக் கூலி உண்டா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். எழுந்த நேரத்தைக் குறித்தும் வையுங்கள்.

எட்டாம் படி: விளையாட்டுக்குச் சொல்லக் கூடாதவை

‘ரஃப் இட்’ என்றால் வசதியில்லாமல் சமாளிப்பது. கூடாரத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ‘ஸ்லீப் ரஃப்’ அப்படியல்ல. வீடில்லாமல் தெருவில் படுப்பது. ஓர் எழுத்துக்கூட மாறாத அதே ‘ரஃப்’, வினை மாறியதும் பொருள் இறங்கிவிடுகிறது. தெருவில் படுப்பதையே குற்றமாக்கிய சட்டம் 1824-இல், நெப்போலியன் போர்கள் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் வீதியில் கிடந்த காலத்தில் வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்புத்தகத்தில் இருந்தது.

‘சோபா சர்ஃபிங்’ உல்லாசமாகக் கேட்கும். பயணிகள் சொன்னால் உல்லாசம்தான். ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் வாரத்துக்கு ஒரு நண்பர் வீடாக மாறிக்கொண்டிருப்பவரையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். 1966-இல் தொடங்கிய ஷெல்டர், அடுத்த ஆண்டு தொடங்கிய கிரைசிஸ் போன்ற அமைப்புகள் அதை வீடின்மையின் மறைந்த முகமாகவே பார்க்கின்றன. உங்கள் நண்பர் ‘ஐ’வ் பீன் சோபா சர்ஃபிங் சின்ஸ் ஜனவரி’ என்றால் சிரிக்காதீர்கள். உங்கள் சோபா காலியா என்று பாருங்கள். உங்களுக்கே அந்த நிலை வந்தால் உள்ளூர் கவுன்சிலிடம் இதே சொல்லைச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும். விசாவில் அரசு உதவிக்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில்

எழுந்ததும் நம் வழக்கப்படி போர்வையை நீவி, தலையணையை நேராக வைத்து, யாரும் படுக்காத மாதிரி ஆக்கிவைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். பிஸ்கட் கொடுத்த அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் உருவித் துவைக்கும் இயந்திரத்தில் போட்டார். கிளம்பும்போது ‘ஷல் ஐ ஸ்ட்ரிப் த பெட்?’ என்று கேளுங்கள். துணியை அவிழ்ப்பதல்ல, விரிப்பையும் உறையையும் உருவுவது. ‘ஓ, லீவ் இட், லவ்’ என்பார்கள். அப்போதும் தலையணை உறையை மட்டுமாவது உருவி, விரிப்போடு சுருட்டிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.